மூச்சை மறந்த பாட்டி

நீங்களே சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்காரர் டெலிபோன் செய்து, "ஒரு பாட்டியை அழைத்துக்கொண்டு வருகிறேன். மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். வந்து சேர ஒன்பது மணி ஆகும்" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நானும் அதைத்தான் செய்தேன். ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போட்டேன். வயதானவர்களாயிற்றே என்று சாதத்தைக் குழைய வடித்தேன். மிளகு ரசம் வைத்தேன். பல் இருக்குமோ இருக்காதோ என்று பீன்ஸைப் பொடிப்பொடியாக நறுக்கினேன். மாடி ஏற முடியாதே என்று கீழ் அறையில் படுக்கையைத் தட்டிப் போட்டு, தலைமாட்டில் ஒரு செம்பு ஜலமும் வைத்தேன்.

ஒன்பதரை மணிக்கு வாசலில் ஒரு வாடகை லாரி வந்து நின்றது. அவரும் ஒரு சிநேகிதருமாகப் பின்பக்கத்திலிருந்து ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை இறக்கினார்கள். அதற்குள்ளே பாட்டி! இடுப்புக்கு மேலேதான் பாட்டி. கீழே வெறும் மரப் பெட்டி. தலையில் முக்காடு, கழுத்தில் சங்கிலியும் பதக்கமும், எதிரே பரப்பிய சீட்டுக்கட்டு. ஒரு கண்ணில் இமை இல்லை. முகத்திலே எலி கடித்த அடையாளம் வேறு.

"குறி சொல்லும் பாட்டி. காசு போட்டால் தலையைத் திருப்பிப் பார்ப்பாள், சீட்டின் மேல் கையை ஓட்டுவாள், கடைசியில் பலன் அச்சிட்ட அட்டையைத் தள்ளுவாள். மூடிப்போன ஒரு பழைய பூங்காவில் இருந்தவளாம். ஒரு பண்ணையின் கொட்டகையில் கிடந்தாள்" என்றார் அவர், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் மாதிரி முகமெல்லாம் மலர்ந்து.

"ரசம் சாப்பிடுவாளா?" என்று கேட்டேன்.

இது நடந்தது 2003ஆம் ஆண்டில். நாங்கள் இருப்பது ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குத் தெற்கே. அன்று முதல் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்றதில்லை. பாட்டிக்குத் துணையாகத் தாளம் போடும் கரடி வந்தது. வாயை மட்டும் திறந்து மூடும் மாலுமி வந்தான். தலை இல்லாத ஒரு கோமாளியும் வந்தான். "தலை எங்கே?" என்றால், "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்பார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

* * *

சில வீடுகளில் புருஷர்களுக்குச் சீட்டாட்டம். சில வீடுகளில் குதிரைப் பந்தயம். எங்கள் வீட்டில் ஆடும் பொம்மை. இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கே பிடித்தது என்பதை நான் பிற்பாடுதான் கண்டுபிடித்தேன்.

ஸான்பிரான்ஸிஸ்கோ கடற்கரையிலே 'பிளேலேண்ட்' என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அதை மூடிவிட்டார்கள். நாங்கள் அமெரிக்கா வருவதற்கு வெகு காலம் முன்பு. அங்கே விளையாட்டு மாளிகையில் நின்று ஒரு பெரிய ஸ்திரீ பொம்மை குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்குமாம். அதற்குச் 'சிரிக்கும் ஸால்' என்று பெயர். ஆளை விட உயரம், முன்பல்லில் சந்து, முகமெல்லாம் புள்ளி. ஓஹையோ மாகாணத்தில் உள்ள காண்டன் என்ற ஊரில், காகிதக் கூழால் 1930களில் இப்படிப் பல ஸால்களைச் செய்து, பிலடெல்பியாவில் இருந்த ஒரு கம்பெனி மூலம் பூங்காக்களுக்கு விற்றார்கள். சிரிப்பு பொம்மையினுடையது அல்ல. பீடத்துக்குள்ளே ஒரு கிராமபோன் இருக்கும். தட்டு முடிந்தால் ஆள் வந்து மறுபடி ஓடவிடவேண்டும்.

பூங்கா போனாலும் ஸால் போகவில்லை. ஸான்பிரான்ஸிஸ்கோ துறைமுகத்தில் 'மியூஸே மெக்கானிக்' என்று ஒரு காட்சிசாலை இருக்கிறது. எட்வர்ட் ஸெலின்ஸ்கி என்பவர் பதினொரு வயதுப் பையனாக இருந்தபோதே இந்தக் காசு போடும் யந்திரங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் சேர்த்த யந்திரங்கள்தான் அங்கே இருப்பவை, 300க்கு மேல். முன்பு கடலோரப் பாறை மேல் உள்ள 'கிளிப் ஹவுஸ்' கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. 2002ஆம் ஆண்டில் துறைமுகத்தின் 45ஆம் எண் மேடைக்கு இடம் மாறியது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. சில்லறையைப் போட்டால் பொம்மை ஆடும், அவ்வளவுதான். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த மேடையில் பெரிய தீ விபத்து ஏற்பட்டது. ஒரு கிடங்கு சாம்பலாயிற்று, காட்சிசாலை தப்பியது. அன்று காலை இவர் ரேடியோவின் பக்கத்திலிருந்து நகரவே இல்லை. காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

அந்தக் காட்சிசாலையில் ஒரு ஸால் இருக்கிறாள். எங்கள் பெண்ணுக்கு எட்டு வயதாக இருக்கும்போது முதல் தடவையாகப் போனோம். காசு போட்டதும் ஸால் இடுப்பை வளைத்து, கையைப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசி, ஹோ ஹோ என்று சிரித்தாள். குழந்தை வீலென்று அலறி என் புடைவைக்குள் ஒளிந்துகொண்டாள். எனக்கும் அப்படி ஒளிய இடம் இருந்தால் ஒளிந்திருப்பேன்! இவர் மட்டும் சட்டைப் பையிலிருந்து மேலும் மேலும் சில்லறையை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்கவேண்டும்.

விலையைச் சொன்னால் உங்களுக்கு மயக்கம் வரும். 2004ஆம் ஆண்டில் ஸாண்டா குரூஸ் கடற்கரைப் பூங்காக்காரர்கள் ஒரு ஸாலை 50,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். இந்தச் செய்தியை இவர் எனக்கு வாசித்துக் காட்டியதன் நோக்கம், "பார்த்தாயா, நம் பாட்டி எவ்வளவு மலிவு!" என்று காட்டத்தான்.

* * *

பாட்டியை ஆராய்ந்து பார்த்த பிறகு எனக்கே கொஞ்சம் மரியாதை ஏற்பட்டது. காரணம், என் தையல் யந்திரம்.

உங்களில் யாராவது பழைய காலத்துத் தையல் யந்திரத்தில் பூவேலை போட்டிருக்கிறீர்களா? மேல் மூடியைத் திறந்து, ஓரம் ஏறியும் இறங்கியும் உள்ள ஒரு சிறு வட்டத் தகட்டை மாட்டுவோம். ஊசி அந்த ஓரத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வலமும் இடமும் போகும். ஒரு தகட்டுக்கு அலை, இன்னொன்றுக்குக் கொடி, மற்றொன்றுக்குத் தாமரை மொக்கு. தையல் என் கையில் இல்லை. அந்தத் தகட்டின் ஓரத்தில் இருக்கிறது. அதைக் 'காம்' என்பார்கள்.

பாட்டியின் வயிற்றுக்குள்ளும் அதே சமாசாரம். ஒரு மோட்டார்; அது மெதுவாகச் சுற்றுகிற ஓர் இரும்பு அச்சு; அச்சில் வரிசையாக மூன்று தகடுகள். ஒவ்வொன்றும் குழந்தை ஓரத்தைக் கடித்துவிட்டு வைத்த தோசை மாதிரி இருக்கும். தகட்டின் விளிம்பில் ஒரு சிறு உருளை ஏறி இறங்கும். உருளை ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் கம்பியை இழுக்கும். முதல் தகடு கைக்கு, இரண்டாவது தலைக்கு, மூன்றாவது மூச்சுக்கு.

ஆமாம், மூச்சுக்கு! பாட்டியின் மார்பு ஏறி இறங்கும். பதக்கம் மெல்ல உயர்ந்து தாழும். கையும் தலையும் அசைந்தால் அது வெறும் பொம்மை. மூச்சு விட்டால்தான், "உள்ளே யாரோ இருக்கிறார்கள்" என்று பார்க்கிறவருக்குச் சிலிர்க்கும். அதைச் செய்த யாரோ ஒரு தொழிலாளிக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது.

பிற்காலத்துப் பொம்மைகள் வேறு ஜாதி. பழைய யந்திரப் பட்சி ஒன்றைக் கூண்டோடு வாங்கி வந்துதான் வால்ட் டிஸ்னி தம் ஆட்களிடம் பிரித்துப் பார்க்கக் கொடுத்தாராம். 1963ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டிஸ்னிலேண்டில் பாடும் கிளிகள் வந்தன. மறு வருஷம் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பிரசங்கம் செய்தார். அங்கே தகடு கிடையாது. ஒலிநாடாவில் பதிந்த சமிக்ஞைதான் அலகையும் கண்ணையும் ஆட்டிவைத்தது. 1977ஆம் ஆண்டில், எங்களுக்குப் பக்கத்து ஊரான ஸான் ஹோஸேயில், 'சக்கி சீஸ்' என்ற எலி, பீட்ஸா தின்ன வந்த குழந்தைகளுக்குக் கச்சேரி செய்ய ஆரம்பித்தது. ஒரு சில கிளைகளைத் தவிர மற்ற இடங்களில் அந்தக் கச்சேரியை எடுத்துவிடப்போவதாக 2024ஆம் ஆண்டில் சொல்லிவிட்டார்கள்.

பொம்மைகளுக்கும் உத்தியோக மாற்றம் உண்டு. டிஸ்னிலேண்டில் 1974 முதல் 1988 வரையில் ஒரு கொட்டகையில் பாடிக்கொண்டிருந்த மிருகங்களில் பலவற்றை, 1989ஆம் ஆண்டில் திறந்த நீர்ச் சவாரிக்கு மாற்றினார்கள். அதையும் 2023ஆம் ஆண்டில் மூடினார்கள். எல்லாருக்கும் டிரான்ஸ்பர் ஆர்டர் வராது. வராதவை கொட்டகையிலும் குப்பையிலும் போகும். அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரரைப் போன்றவர்கள் வாடகை லாரியுடன் போய் நிற்பார்கள்.

பார்த்துப் பார்த்து நானும் நாலு விஷயம் தெரிந்துகொண்டேன். காகிதக் கூழ்ப் பொம்மையை ஈரத் துணியால் துடைக்கக்கூடாது. கொலுப் பொம்மை வைத்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. ஒரு தடவை துடைத்துக் கிருஷ்ணனின் மூக்கைக் கையோடு கொண்டு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. பழைய மின்சாரக் கம்பியின் மேலுறை வெடித்திருக்கும். வாங்கி வந்த ஆசையில் உடனே பிளக்கைச் செருகக்கூடாது. பழைய எண்ணெய், மறந்துபோன நெய்க் கிண்ணம் மாதிரி பிசினாக இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே புது எண்ணெய் விட்டுப் பிரயோசனம் இல்லை. ரப்பர்த் தோல் போட்ட பிற்காலத்துப் பொம்மைகள்தான் பரம சங்கடம். வெளிச்சமும் உஷ்ணமும் பட்டு ரப்பர் பொரிந்து உதிரும். காகிதக் கூழ்ப் பாட்டி தாக்குப் பிடிப்பாள். ரப்பர்ப் பேத்திக்கு ஆயுசு கம்மி.

* * *

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். அதனால்தான் இனிமேல் சொல்லப்போவது சொல்லக் கூசுகிறது.

2022ஆம் ஆண்டில் எங்கள் பெண் தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வர இருந்தாள். அதே சமயத்தில் திருச்சியில் என் மைத்துனருக்குச் சதாபிஷேகம். இவர் மட்டும் போனார். போவதற்கு முன் பாட்டியைத் திறந்துபோட்டு, அச்சைச் சுத்தம் செய்ய ஆரம்பித்து, பாதியில் விட்டுப் போனார். எனக்கோ தொட்டில், பெட்டி, குழந்தைச் சாமான் எல்லாம் வைக்க இடம் வேண்டும். ஷெட்டைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது.

நம் ஊரில் பழைய சாமான்காரன் நமக்குக் காசு கொடுப்பான். அமெரிக்காவில் நாம் அவனுக்குக் கொடுக்கவேண்டும். ஒருவனை வரவழைத்தேன். உடைந்த நாற்காலி, கிழிந்த கம்பளம், துருப்பிடித்த அலமாரி எல்லாவற்றையும் காட்டினேன். பாட்டியின் காலடியில் ஒரு காகித அட்டைப் பெட்டி இருந்தது. மேலே கிரீஸ் படிந்த கறுப்புத் துணி. என் பழைய உள்பாவாடையின் துண்டுதான் அது. "இதுவுமா, அம்மா?" என்று கேட்டான். திறந்து பார்க்க என் கைக்கு அழுக்கு ஒட்டுமே! "இதுவுந்தான்" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து அவர் வந்தார். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நேரே ஷெட்டுக்குப் போனார்.

"இங்கே ஓர் அட்டைப் பெட்டி வைத்திருந்தேனே, பார்த்தாயா?"

"எந்தப் பெட்டி?" என்றேன்.

சகோதரிகளே, நான் பொய் சொல்லிப் பழகினவள் அல்ல. ஆனால் அந்த 'எந்தப் பெட்டி' என் வாயிலிருந்து எண்ணெய் போட்ட யந்திரம் மாதிரி வந்தது. அதற்குத் துணையாக, "நீங்கள் எங்கே வைத்தீர்களோ!" என்று இன்னொன்றும் வந்தது.

"என் ஞாபகமே இப்போது சரியில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் தேட ஆரம்பித்தார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. கீழே அலமாரி இழுபடும் சத்தம் கேட்டது. டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. பிரயாணக் களைப்போடு வந்தவர்; அறுபத்தெட்டு வயது. இரண்டு மணிக்கு எழுந்து படியில் நின்று எட்டிப் பார்த்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முழங்காலிட்டு, மேஜைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முன்பே பார்த்த இடத்தை மறுபடியும் பார்த்தார். பொருள் தொலைந்ததைவிட, தம் ஞாபகத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டதே, அதுதான் அவரை அப்படித் தேடவைத்தது. அந்தச் சந்தேகத்தைக் கொடுத்தவள் நான்.

மூன்று மணிக்குக் கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டேன். "தேடாதீர்கள். நான்தான் எடுத்துப் போட்டேன். நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும்."

அவர் டார்ச்சை அணைத்தார். கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். "தலையும் மூச்சும் அதில் இருந்தன. கைத் தகடு அச்சோடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராததால் தப்பித்தது" என்றார். என்னை ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று நாள் வரையில், "காப்பி", "மோர்", "போதும்" என்ற மூன்று சொற்களோடு குடித்தனம் நடந்தது.

பழைய சாமான்காரனுக்கு டெலிபோன் செய்தேன். இரும்பெல்லாம் உருக்குகிற இடத்துக்குப் போய்ப் பத்து நாள் ஆயிற்று என்றான். கடையில் வேறு வாங்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அப்படிக் கிடையாது. அந்தத் தகடு கையால் அராவினது. வரைபடம் எதுவும் எங்களிடம் இல்லை. பாட்டி எந்த நொடியில் யாரைப் பார்க்கவேண்டும், எத்தனை மெதுவாக மூச்சை விடவேண்டும் என்று யாரோ ஒருவன் யோசித்தானே, அந்த யோசனை முழுவதும் அந்த ஓரத்தின் மேடு பள்ளத்தில்தான் இருந்தது. தகடு போனால் யோசனையும் போயிற்று.

* * *

நாலாம் நாள் பெண் வந்தாள். வீட்டில் நிலவிய மௌனத்தைப் பார்த்து விசாரித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா, என் பதினைந்தாவது பிறந்தநாளுக்குப் பாட்டியை வீடியோ எடுத்தேனே!" என்றாள்.

2009ஆம் ஆண்டில் எடுத்த படம். தேடிப் பிடித்து டெலிவிஷனில் போட்டாள். காசு விழுந்தது முதல் அட்டை விழுகிற வரையில் முப்பது நொடி. அச்சு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஆகும் நேரமும் அதேதான். பாட்டி தலையைத் திருப்பினாள், மூச்சு விட்டாள். இவர் எழுந்து போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

அப்புறந்தான் என் முறை வந்தது. "இது ரவிக்கைக்குப் படம் வெட்டுகிற வேலைதானே? என்னிடம் கொடுங்கள்" என்றேன்.

ஒரு பெரிய வட்டம் போட்டு, கடிகாரத்தில் நிமிஷக் கோடு போடுவதுபோல் அறுபது கோடுகள் இழுத்தேன். அரை நொடிக்கு ஒரு கோடு. படத்தை அரை நொடிக்கு ஒரு தரம் நிறுத்தி, கண்ணாடிப் பெட்டியின் சட்டத்திலிருந்து பாட்டியின் மூக்கு நுனி எவ்வளவு தூரம் என்று பெண் அளந்து சொல்லுவாள். பதக்கம் எவ்வளவு உயர்ந்தது என்றும் சொல்லுவாள். நெம்புகோல்கள் தப்பியிருந்தன அல்லவா? அவற்றை விரலால் தள்ளி, மூக்கு அந்த இடத்துக்கு வர உருளை எவ்வளவு ஏறவேண்டும் என்று இவர் கணக்குச் சொல்லுவார். அந்த அளவை அந்தந்தக் கோட்டில் நான் புள்ளி வைப்பேன். அறுபது புள்ளியையும் கழுத்து வளைவு வெட்டுகிற மாதிரி சேர்த்தால், கடித்த தோசை திரும்பி வந்துவிடும்.

நடுவில் பேரக் குழந்தை பிறந்தாள். மடியில் அவளைப் போட்டுக்கொண்டே பாதிப் புள்ளிகளை வைத்தேன்.

ஒரு சங்கடம் இருந்தது. படத்தின் நடுவிலே ஐந்து நொடி, எங்கள் பெண் காமிராவைத் தன் சிநேகிதிகள் பக்கம் திருப்பிவிட்டாள். கேக்கும் சிரிப்புமாக ஐந்து நொடி; பாட்டி இல்லை. அறுபதில் பத்துக் கோடு காலி.

மூச்சைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு சுற்றில் ஆறு மூச்சு. எல்லாம் ஒரே சீர். காணாத மூச்சை மற்ற ஐந்தைப் பார்த்துப் போட்டுவிடலாம். தலை அப்படி அல்ல. அந்த ஐந்து நொடியில் பாட்டி குனிந்து சீட்டைப் பார்த்தாளா, மேலே நிமிர்ந்தாளா, இல்லையெனத் தலை ஆட்டினாளா? பத்தொன்பது வருஷம் எங்களோடு இருந்தவள். மூன்று பேருக்கும் நிச்சயமாக ஞாபகம் வரவில்லை. "சீட்டைத்தான் பார்ப்பாள்" என்றேன். "இல்லை, என்னைப் பார்ப்பாள்" என்றாள் பெண்.

"அழகாக ஏதாவது ஒன்று போட்டுவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன்.

"நமக்குத் தெரியுமே" என்றார் அவர். "தெரியாததைத் தெரிந்த மாதிரி வெட்டவேண்டாம். அங்கே சமமாக விட்டுவிடு."

பழைய 'எந்தப் பெட்டி' என் காதில் விழுந்தது. பேசாமல் அந்தப் பத்துக் கோட்டையும் ஒரே உயரத்தில் சேர்த்துவிட்டேன்.

முதலில் ஒட்டுப் பலகையில் வெட்டிப் பார்த்தோம். ஒரு புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டேன்போல் இருக்கிறது. பாட்டிக்கு நடுவில் விக்கல் வந்தது! அதைத் திருத்தி, பித்தளைத் தகட்டில் வெட்டி, ஒரு மாதம் அராவினார். தொட்டிலில் ஒருத்தி தூங்க, ஷெட்டில் ஒருத்தி மூச்சு விடக் கற்றுக்கொண்டாள்.

மூடி போடுவதற்கு முன் ஒரு சீட்டு எழுதி உள்ளே ஒட்டினார். பின்னால் யாராவது திறந்தால் தெரியவேண்டும் அல்லவா? "தலைத் தகடும் மூச்சுத் தகடும் 2022ஆம் ஆண்டில் வீடியோப் படத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்தவை. கைத் தகடு பழையது. 31ஆம் கோட்டிலிருந்து 40ஆம் கோடு வரையில் தலை எப்படி அசைந்தது என்று தெரியாது. பழைய தகடுகள் தொலைந்துபோயின."

கடைசி வரியைப் படித்தேன். பேனாவை வாங்கி, 'தொலைந்துபோயின' என்பதை அடித்துவிட்டு, 'நான் தொலைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு ராத்திரி அவர் நான்காவதாக ஒரு வார்த்தை பேசினார்: "இன்னும் கொஞ்சம் ரசம்."

* * *

பேத்திக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. அவளுக்கு ஸாலைக் கண்டால் பயம் இல்லை. பாட்டியைக் கண்டாலும் பயம் இல்லை. லீவுக்கு வந்தால் முதல் வேலை, தாத்தாவின் சட்டைப் பையில் கை விட்டுக் காசு எடுப்பதுதான்.

காசு விழும். பாட்டி தலையைத் திருப்புவாள். பதக்கம் ஏறி இறங்கும். கை சீட்டின் மேல் ஓடும். பிறகு அந்த இடம் வரும். தலை அப்படியே நின்றுவிடும். மூச்சு மட்டும் வரும். ஐந்து நொடி.

"ஏன் பாட்டி சும்மா இருக்காங்க?" என்று போன தடவை கேட்டாள்.

"யோசிக்கிறாங்க" என்றேன்.

"என்ன யோசிக்கிறாங்க?"

"எனக்குத் தெரியாது, கண்ணு" என்றேன். உண்மையைச் சொல்லுவதில் ஒரு சௌகரியம். அடுத்தாற்போல் இன்னொன்று சொல்லவேண்டியதில்லை.

அட்டை விழுந்தது. எனக்குத்தான் எடுத்துக் கொடுத்தாள். அதில் போட்டிருந்த பலன்: விரைவில் தூர தேசப் பிரயாணம். முப்பது வருஷம் தாமதமாக வந்த பலன்! இருந்தாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது எதையும் திறந்து பார்க்காமல் எறிவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் கிரீஸ் படிந்த ஒரு பெட்டி இருக்கும். எறியவேண்டுமானால் தாராளமாக எறியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் துணியை விலக்கி ஒரு தரம் பாருங்கள். கையில் ஒட்டின கிரீஸ் சோப்புப் போட்டால் போய்விடும்.

ஆமாம், கோமாளிக்கு இன்னும் தலை கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஒன்று இருந்தால் இவரிடம் சொல்லாதீர்கள். என்னிடம் சொல்லுங்கள்.